சோசியல் காசுக்குப் பனி அள்ளினது

2 பெப்ரவரி 2004, திங்கள்

மைனஸ் பதினொன்று. காற்று இல்லை. மகள் வேணிக்குப் பாணும் முட்டையும் வைத்துவிட்டு இறங்கினேன். இன்று முதல் நாள்.

போன கிழமை, அரச உதவிக்காசு தரும் சோசியல் கந்தோரில் மாரித் என்பவள் விளக்கமாகச் சொன்னாள். இனிமேல் சாப்பாட்டுக் காசு சும்மா இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை வேலைக்கு வரவேண்டும். வராத நாளுக்கு வெட்டு. வருத்தமென்றால் டொக்டரின் துண்டு. கரைச்சல் இல்லாத பெண். புரிந்ததா, புரிந்ததா என்று கேட்டபடி இருந்தாள்.

புரிந்தது. வேலை எனக்குப் புதிதா என்ன. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்ற கால்கள். வேணியின் அப்பா லண்டனுக்குப் போய், நானும் வேணியும் ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஹோட்டலில் அறை துப்புரவு. கூப்பிடும் நாள் மட்டும். இப்போது கூப்பிடுவதில்லை.

வேணியிடம் பகுதிநேர வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பதினைந்து வயது. மேலே கேட்கவில்லை.

இடம்: ஹொல்ம்லியா கடைகளுக்குப் பின்னால் பெரிய கொட்டகை. சனம் கொடுத்த பழைய உடுப்பு, கதிரை, விளக்கு. பிரித்து அடுக்குவது. பொறுப்பாளர் ஸ்டெய்ன், தாடிக்காரர், நல்ல மனிதர் போல.

உடுப்பு மேசையில் ஒரு முதுகு. எங்கேயோ கண்ட முதுகு. திரும்பினார். கணேசமூர்த்தி மாஸ்டர்! சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேணிக்குக் கணக்குப் படிப்பிப்பவர். என்னைக் கண்டதும் மடித்த சட்டையையே திரும்ப மடித்தார். பிறகு நோர்வேஜிய மொழியில் "ஹாய்" என்றார். நானும் "ஹாய்" என்றேன்.

நாள் முழுக்க நோர்வேஜிய மொழிதான். கத்தரிக்கோலைத் தாங்கோ, பெட்டி நிரம்பிவிட்டது, எல்லாம்.

3, செவ்வாய்

மணிக்கட்டு நோ. மீன் வேலை தந்த நோ.

ஸ்டெய்ன் எங்களிடம் கேட்டார்: இரண்டு பேரும் ஒரே நாடுதானே, ஏன் உங்கள் மொழியில் கதைப்பதில்லை? மாஸ்டர் சொன்னார், பழக்கத்துக்காக. நோர்வேஜியம் திருந்த வேண்டுமாம். இங்கே வந்து பதினைந்து வருடமானவர்.

வாங்க: பருப்பு, வெங்காயம், வேணிக்குத் தடித்த காலுறை.

5, வியாழன்

இந்தியத் தமிழ்ப் பெண் ஒருத்தி பிள்ளையின் சின்ன உடுப்புகளோடு வந்தாள். கணவர் கம்ப்யூட்டர் வேலையாம். நான் தமிழில் கதைப்பதை ஒரு நிமிடம் கவனமாகக் கேட்டுவிட்டு, "சிலோன் தமிழா? எவ்வளவு அழகா பேசறீங்க. லீவு நாள்ல இப்படி சேவை பண்றது பெரிய விஷயங்க" என்றாள். வியாழக்கிழமை யாருக்கு லீவு? ஓம் என்று சொல்லிப் பையை வாங்கினேன். மாஸ்டர் அலுமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டார். அவள் போனபின்பும் கனநேரம் வரவில்லை.

பின்னேரம் ஸ்டெய்ன் அடுத்த கிழமை வேலையைச் சொன்னார். கடைகளுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் பனி அள்ளுவது, கிழவர்கள் விழாமல் படிக்கட்டில் உறைந்த ஐஸைச் சுரண்டுவது. எல்லோரும் வரவேண்டும். மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. ஹொல்ம்லியாவில் அரைவாசித் தமிழ்ச்சனம் அந்தச் சதுக்கத்தால்தான் ரயிலுக்குப் போகும்.

9, திங்கள்

இரவு முழுக்கக் கொட்டியது. முழங்கால் வரை. அள்ளினேன். மாஸ்டர் இல்லை.

11, புதன்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஸ்டெய்ன் பெயரைக் கூப்பிட்டார், காத்திருந்தார், எழுதினார். துண்டு வரவில்லையாம். ஸ்டெய்னுக்கும் எழுத விருப்பமில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

வேலை முடிய ஹவுகெட்டோவுக்கு ரயில். ஒரே தரிப்பு. மாஸ்டர் வீடு ஸ்டேசனுக்கு மேலே. கதவைத் திறந்தது அவர் மனைவி. அவர் வேலைக்குப் போனவர், இன்னும் வரேல்லை என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குசினியில் வெறும் சோறு வேகும் மணம். பள்ளி விசயமாக வந்தேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஸ்டேசனுக்கு வந்தால், திரும்பும் ரயிலுக்கான மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் மாஸ்டர். சாப்பாட்டுப் பெட்டி மடியில். மூன்று நாளாகப் பகல் முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறார்.

பக்கத்தில் இருந்தேன். தமிழில்தான் தொடங்கினேன்.

"மாஸ்டர், காசை வெட்டப் போகினம்."

"தெரியும்."

"அப்ப வீட்டிலை என்னத்தைச் சமைக்கிறது?"

ஒரு ரயில் வந்து போனது. பிறகுதான் சொன்னார்.

"ஊரிலை நான் படிப்பிச்ச பிள்ளையள் என்னைக் கண்டா சைக்கிளாலை இறங்கி நடப்பினம். இஞ்சை என்னட்டைப் படிக்கிறதுகளுக்கு முன்னாலை பனி அள்ளுற சவளோடை எப்பிடி நிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

"நான் மூண்டு நாளா நிக்கிறன். எங்கடை சனம் எத்தினை பேர் போச்சினம். ஒருத்தரும் நிண்டு பாக்கேல்லை. குளிர், மாஸ்டர். எல்லாரும் குனிஞ்சுதான் போகினம்."

கை நோகுதோ என்று கேட்டார். ஓம் என்றேன். அடுத்த ரயிலில் ஏறினேன். அவர் எழும்பவில்லை.

12, வியாழன்

வந்தார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு.

அள்ளத் தெரியாது. நான் துப்புரவாக்கிய பக்கமே எறிகிறார். சொல்லிக் கொடுத்தேன்: இடுப்பை வளைக்காதையுங்கோ, முழங்காலை மடியுங்கோ. கேட்டார்.

பத்துமணி போல, பயந்தது நடந்தது. தமிழ்ப் பள்ளித் தலைவர் இரண்டு பைகளோடு கடையால் வந்தார். நின்றார். குனிந்து போகவில்லை.

"இதென்ன மாஸ்டர்?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். தலை வியர்த்திருந்தது. "வேலை. சோசியலிலை தாற சாப்பாட்டுக் காசுக்கு."

தலைவர் என்னையும் பார்த்தார். பிறகு நடந்தார். கொஞ்சத் தூரத்தில் பைகளைக் கீழே வைத்துக் கை மாற்றினார்.

ஸ்டெய்ன் கோப்பி கொண்டுவந்தார். மாஸ்டர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். இன்றிரவு மனிசிக்குச் சொல்லப்போறன் என்றார். பள்ளியிலை இனி என்னை வைச்சிருப்பினமோ தெரியாது என்றும் சொன்னார்.

14, சனி

வெளிச்சமான நாள். மைனஸ் இரண்டு. வெயிலுக்குக் கூரைப் பனி சொட்டுகிறது. கீழே பொது மெஷினில் உடுப்புத் தோய்க்க இன்று எங்கள் முறை.

வேணி தமிழ்ப் பள்ளியால் வந்து ஜாக்கெட்டையும் கழற்றாமல் சொன்னாள். மாஸ்டர் வகுப்புக்கு வந்தாராம். கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, தான் கிழமையில் நாலு நாள் சதுக்கத்தில் பனி அள்ளுவதாகவும், அதற்குத்தான் தன் வீட்டுக்குச் சாப்பாட்டுக் காசு வருவதாகவும் சொன்னாராம். ஆருக்கும் கேள்வி இருக்கோ என்றாராம். கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி, பனி தள்ளுற சின்ன டிராக்டரை ஓட விடுவினமோ என்று கேட்டாளாம். லைசன்ஸ் இல்லை என்றாராம். பிறகு பின்னக் கணக்கு. தலைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். போகும்போது மாஸ்டரைத் தன் காரில் ஏற்றிப் போனாராம்.

சொல்லி முடித்தும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஆவி கண்ணில் அடித்தது.

"அவருக்குப் பக்கத்திலை நிண்டு அள்ளுறது நான்தான்" என்றேன்.

வேணி ஜாக்கெட்டைக் கழற்றிக் கொளுவியில் போட்டாள்.

"மாஸ்டரைவிட நீங்கள் வேகமோ?"

ஓம் என்றேன். உண்மைதான்.