விளக்கு எரிந்தது, நான் பார்த்தேன்

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது தடவையாக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், மூன்றாவது தடவையாக அவமானப்பட்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பெரியவன் வீட்டிலிருந்து திரும்பும்போது காரில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வீடு வந்து சேரும்வரை எரிந்தது. இன்று காலை சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் அணைந்து கிடக்கிறது. தாடிக்கார மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "ஒரு கோளாறும் பதிவாகலைங்க ஐயா. வண்டி சுத்தமா இருக்கு."

"அப்ப நான் பார்த்தது என்ன?"

"வெயில் பட்டு மின்னியிருக்கும்."

மின்னியிருக்குமாம். முப்பத்தொரு வருடம் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டியவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. கையேட்டையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். ஒரு விளக்கு எரிகிறதா மின்னுகிறதா என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5, செவ்வாய்

பெரியவன் போன் செய்தான். மெக்கானிக் அவனிடம் ஓதிவிட்டார் போலிருக்கிறது. கண் டாக்டரைப் பார்த்தீர்களா, நன்றாகத் தூங்குகிறீர்களா என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான். கடைசியில்தான் சொன்னான். "வண்டிய வித்துரலாம்பா. விளக்கு நிஜமாவே எரிஞ்சா வண்டி சரியில்ல. எரியலைன்னா…"

"எரியலைன்னா நான் சரியில்ல. அதானே?"

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை வண்டியைப் பார்க்க ஒருவர் வருகிறாராம். பதிவு இவன் பெயரில் இருக்கிறது; வாங்கிய அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் ஒரே ஒருமுறை அந்த விளக்கைக் காட்டிவிட்டால் விற்கும் பேச்சை விட்டுவிடுவானாம். "ஒரு போட்டோவாச்சும் எடுங்களேன்" என்கிறான். பெற்ற அப்பன் வாயால் சொன்னால் போதாதா? படம் வேறு வேண்டுமா? எடுக்க மாட்டேன்.

மார்ச் 6, புதன்

இவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"ஏதோ மஞ்சளா தெரிஞ்சுதுங்க. எப்பவும் எரியறதுதானேன்னு இருந்துட்டேன்."

"எப்ப எரிய ஆரம்பிச்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ரிவர்ஸ் எடுக்க ஆரம்பிச்சா கண்ண இறுக்கி மூடிக்குவேன். மெயின் ரோடு வந்தப்புறம்தானே திறக்கறேன்?"

நாற்பத்திரண்டு வருடத் துணை. நல்ல சாட்சி!

மார்ச் 8, வெள்ளி

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

இந்த நோட்டையே முன்னால் புரட்டினேன். விளக்கு எரிந்த நாட்கள்: ஜனவரி 21, பிப்ரவரி 4, பிப்ரவரி 18, மார்ச் 3. நான்கும் ஞாயிறு! நான்கும் பெரியவன் வீட்டுக்குப் போன நாள்!

சமையலறைக்கு ஓடிப்போய் இவளிடம் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவன்கூட சண்ட போட்டுட்டு வர்றப்ப உங்களுக்கு எல்லாமேதான் எரியும்" என்றாள்.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 9, சனி

அந்த வீட்டில் என்ன விசேஷம்? முட்டுச்சந்து. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அறுபது அடி தூரம் மேட்டில் பின்னாலேயே ஏறித்தான் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும். அப்படி நான் வேறெங்கும் ஏறுவதில்லை. இவள் கண்ணை மூடும் நேரமும் அதுதான்.

நூலகத்துக்குப் பின்னால் காலி மைதானத்தில் பன்னிரண்டு தடவை பின்னால் ஓட்டினேன். எரியவில்லை. காவலாளி வந்து, "ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா பெரியவரே?" என்றார். ஆமாம், என் மரியாதையை, என்று சொல்ல நினைத்தேன். மைதானம் சமதளம். மேடுதான் வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் வழக்கம்போல பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலை மாட்டினேன். நான் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வண்டி எடுப்பவன். நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று, வீடு வந்ததும் டெர்மினலைக் கழற்றி வைப்பது என் பழக்கம். பம்பு அறையில் கற்றது. மாட்டியதும் வண்டிக் கடிகாரம் பன்னிரண்டு மணியில் நிற்கும், கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவேன். இன்றும் திருத்தினேன். பாதியில் விரல் நின்றுவிட்டது.

கடிகாரம் மறந்துபோகிறது என்றால் வண்டி வேறு எதையெல்லாம் மறக்கும்?

கையேட்டை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்து. 214ஆம் பக்கம், கடைசி வரி: பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் பதிவான பழுதுகள் அழிந்துவிடும்.

ஞாயிறு இரவு என் கையாலேயே அழித்துவிட்டு, திங்கள் காலை மெக்கானிக்கிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

இவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 13, புதன்

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. நேரே முட்டுச்சந்துக்குப் போனேன். மருமகள் சன்னலில் எட்டிப் பார்த்து, "மாமா! உள்ள வாங்க, அவர் ஆபீஸ் போயிட்டாரே" என்றாள்.

"வரலம்மா. ரிவர்ஸ் எடுக்கத்தான் வந்தேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெரியவனுக்கு அந்த நிமிடமே போன் போயிருக்கும். போகட்டும். கியரைப் போட்டு மேட்டில் ஏற்றினேன். பாதி தூரம். எரிந்தது! பட்டப்பகலில், என் கண்ணுக்கு நேரே, மஞ்சளாக! ஸ்டீயரிங்கைத் தட்டிக் கத்திவிட்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

டெர்மினலைக் கழற்றவில்லை. கை இரண்டு தடவை ஸ்பேனரைத் தேடியது.

மார்ச் 14, வியாழன்

காலையிலும் எரிந்தது. அணையாமல் எனக்காகவே காத்திருந்ததுபோல.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பெரியவனையும் அங்கேயே வரச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தான். கண்ணாடி வழியாகக் குனிந்து விளக்கைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

இம்முறை ஸ்கேனர் பேசியது. புகைக்குழாயில் இருக்கும் சென்சாரின் இணைப்பு விட்டுவிட்டு வருகிறதாம். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால்தான் எரிகிறது என்றேன். மெக்கானிக் அடியில் படுத்துத் தேடி ஒரு ஒயரை இழுத்துக் காட்டினார். மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. "ரிவர்ஸ்ல மேடு ஏறும்போது இஞ்சின் மறுபக்கம் சாயுங்க. அப்பத்தான் இது இழுபட்டு விட்டுப்போகுது. ஐயா எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ!"

நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் பெரியவன் அவர் மேல் பாய்ந்தான்.

"மூணு தடவ என்னத்த பார்த்தீங்க? உங்க பேச்சக் கேட்டு எங்கப்பாவையே நான் நம்பாமப் போயிட்டேனே! இவ்வளவு வருஷமா இதுதான் உங்க வேலை லட்சணமா? இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்."

தாடிக்காரர் தலை குனிந்து ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு மெஷின்ல எதுவுமே இல்லைங்க…"

மறைக்காமல் எழுதுகிறேன், இனித்தது. எனக்காக இவன் குரலை உயர்த்திக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். எனக்கு முழு வெற்றி.

ஆனால் அந்த ஆள் நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலை. பொறியாளர் செய்த தப்புக்கு நானும் ஒருநாள் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அப்படித்தான் நின்றேன். அவர் பக்கத்திலேயே இருந்தார். வாய் திறக்கவில்லை.

"அவர விடுறா" என்றேன். "மெஷின் பொய் சொல்லல. ஒவ்வொரு தடவையும் வீடு வந்ததும் பேட்டரியக் கழட்டி அழிச்சது நான்."

மெக்கானிக்தான் முதலில் பேசினார். "ஐயா, நாலு வருஷம் முன்னாடியே சொன்னேனே, இந்த வண்டிக்கு அது வேணாம்னு!"

"சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அதான் கேக்கல."

பெரியவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு காரின் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

மார்ச் 16, சனி

புது ஒயர் போட்டாயிற்று. முட்டுச்சந்தில் ஐந்து தடவை ஏற்றினேன். எரியவில்லை. மருமகள் இன்று சன்னலைத் திறக்கவே இல்லை.

மார்ச் 23, சனி

பெரியவன் காலையிலேயே வந்துவிட்டான். காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தவர் போன் செய்தார். இவன் எழுந்து வாசல் பக்கம் போனான். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"இல்லைங்க, விக்கல. அப்பா ஓட்டறாரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போதைக்கு" என்றான்.

இப்போதைக்கா? அது என்ன இப்போதைக்கு? நாளை ஞாயிறு, நேரில் போய்க் கேட்கிறேன்.