ஈஸ்டருக்குப் பிறகும் தொடர்ந்த பத்தியம்

என் பிரியமுள்ள சேவியரண்ணா,

தியாகராய நகரில் உனக்குப் பத்தியம் எழுதிக் கொடுத்த அந்த உணவு ஆலோசகர் சௌக்கியமாக இருக்கிறார். போன வாரம்கூட ஒரு வீடியோவில், "சர்க்கரைய நிறுத்துங்க, கேன்சர் பட்டினியிலயே செத்துடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தாடியை மட்டும் ஒழுங்காக வெட்டியிருக்கிறார். அதற்கு மேலே ஒன்றும் மாறவில்லை.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? பள்ளியில் இருபது வருடம் உயிரியல் நடத்திய நானும் நம்பினேனே. சர்க்கரை மருந்தை ஏற்றி எடுத்த ஸ்கேனில் உன் கட்டி பளிச்சென்று தெரிந்ததும், எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அரைகுறைப் படிப்புக்கு அது போதும்.

புற்றணு சர்க்கரையை அள்ளி விழுங்கும் என்பது உண்மைதான். பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தாலும் பெரும்பாலும் முழுசாக எரிக்காது. கொஞ்சத்தைத் தன்னைப் பெருக்கிக்கொள்ள எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அமிலமாக அக்கம்பக்கத்தில் கொட்டும். பந்தியில் உட்கார்ந்து பாதியை இறைத்துவிட்டு எழுந்து போகும் ஆளை நமக்குத் தெரியாதா?

நான் படிக்காமல் விட்டது அடுத்த பக்கம். சர்க்கரை குறைந்தால் அந்த வெட்கம் கெட்டது புரதத் துண்டுகளையும் கொழுப்பையும் தின்னும். நாம் ஊட்டாவிட்டாலும் உன் ஈரலே உன் சதையைக் கரைத்துச் சர்க்கரை செய்து இரத்தத்தில் விடும். பட்டினி கிடந்தது நீதான் அண்ணா.

தவக்காலத்தில் இனிப்பை விடுவது நம் வீட்டு வழக்கம். அந்த வருடம் சோற்றையும் விடவைத்தேன். ஈஸ்டர் திருப்பலி முடிந்து வந்ததும், "ஒரு பிடி சோறு போடேன் ரீட்டா. ஆண்டவரே எழுந்துட்டாரு, நான் இன்னும் தவத்துல இருக்கணுமா?" என்று கேட்டாய்.

"சோறு உனக்கா, கட்டிக்காண்ணா?" என்றேன். நீ சிரித்துவிட்டு வெள்ளரிக்காயைத் தின்றாய்.

உன் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் கேக்கறத குடும்மா, உடம்பு தாங்கணும்" என்று சொல்லியிருந்தார். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. எந்தத் திமிரில் மறைத்தேன்? அடுத்த கீமோ ஊசியைத் தாங்க உனக்கு வலுவில்லை என்று சிகிச்சையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த தவக்காலத்துக்கு நீ இல்லை.

பங்குக் கோயிலில் இன்னும் என்னைப் புகழ்கிறார்கள், அண்ணனுக்கு ஒருநாளும் பத்தியம் தப்பவிடாதவள் என்று. நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று நொச்சிக்குப்பத்தில் நமக்கு மீன் தரும் செல்வி கேட்டாள்: "எங்க வூட்டுக்காரருக்கும் அதே நோவு கீது டீச்சர். சோத்த நிறுத்தச் சொல்றாங்கோ. நீங்க அண்ணனுக்கு இன்னா பண்ணீங்க?"

"பட்டினி போட்டேன் செல்வி. டாக்டர் சாப்பிடச் சொன்னத அவர்கிட்ட மறைச்சிட்டேன். நீ டாக்டர் பேச்சக் கேளு, அவருக்குச் சோறு போடு."

மீன் வாங்க வந்திருந்த நம் பங்குக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இனி யார் என்னைப் புகழ்ந்தாலும், அந்த இடத்திலேயே இதைச் சொல்வேன் அண்ணா. உன் ஒருவனிடம் சொல்லாமல் விட்டதை ஊருக்கெல்லாம் சொல்வேன்.

உன் பசிக்குக் குறுக்கே நின்ற தங்கை,
ரீட்டா