பாட்டில் பழுப்பாகும் வரை

என் செல்ல அக்காவுக்கு,

உன்னைப் பேரூர் படித்துறையில் கரைக்கவில்லை. இதை முதலில் சொல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருப்பாய்.

நொய்யல் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் உன் வேலை. பாட்டிலை ஆற்றுக்குள் முக்கி, குமிழி நுழையாமல் உள்ளேயே மூடி, கரையில் உட்கார்ந்து மருந்து விடுவாய். பழுப்பாகத் திரண்டால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, மீன் பிழைக்கும். வெள்ளையாகத் திரண்டால் ஒன்றுமே இல்லை. கூடவே வந்து வந்து எனக்கும் அது கைவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், "வெள்ளையா வந்தா என்னைய அதுல கரைச்சுப்போடாத கண்ணு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அஸ்தி கரைக்கிற அன்றைக்குப் பேரூரில் சொந்தபந்தமெல்லாம் நிற்க, உன் பாட்டிலோடு படியிறங்கினேன். சாக்கடை வாடை. மருந்து விட்டதும் வெள்ளை.

"ஏனம்மிணி, சாங்கியத்துக்கு எதுக்கு டெஸ்ட்டு? அய்யரு எந்நேரம் காத்திருப்பாரு?" அஸ்திக் கலசத்தோடு நின்ற மாமா கத்தினார்.

"அவ சொன்னபடியே ஆகட்டும், உடுங்கண்ணா" என்றாள் அம்மா.

மேற்கே, ஆறு இறங்கி வருகிற மலையடிவாரத்துக்குப் போனோம். அங்கே நாட்டுச்சர்க்கரை நிறத்தில் பழுப்பு வந்தது. மாமா கலசத்தின் துணியை அவிழ்த்தார். என் காலைச் சின்ன மீன்கள் கடித்துக்கொண்டிருந்தன. ஆற்றில் நன்றாக இருப்பதே இந்த இடம்தான், இதிலுமா சாம்பலைக் கொட்டுவது? நீ விடுவாயா?

"வேண்டாங்க மாமா."

"வெள்ளைன்னாலும் வேண்டாங்கற, பழுப்புன்னாலும் வேண்டாங்கற. அப்பறம் அவளுக்கு எடந்தான் எங்க கண்ணு?"

தண்ணீரில் நின்றபடியே அழுதேன். மாமாவும் அழுதார்.

இப்போது நீ நம் வீட்டு எலுமிச்சையடியில் இருக்கிறாய். ஒரே ஒரு எலும்புத் துண்டை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதாமாதம் உன் பாட்டிலோடு பேரூருக்குப் போகிறேன். பூக்காரம்மா தூரத்திலேயே, "இன்னிக்கு என்ன கலருங்க?" என்று கேட்பார். வெள்ளைதான் அக்கா, போன மாதமும். இத்தனை வருஷம் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எப்படித்தான் சோறு சாப்பிட்டாய்?

ஒருநாள் அங்கே பழுப்பு வரும். அன்றைக்கு மஞ்சள் முடிச்சோடு மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் உன்னை உன் ஆற்றில் விடுகிறேன். என் காலத்தில் வராவிட்டால், பாட்டிலையும் முடிச்சையும் என் மகள் கையில் கொடுத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

உன்னை இன்னும் கரைக்காத,
உன் தங்கச்சி