பரம்பரைக் கை

மார்ச் 4
காலையில் காபிக் கோப்பை நழுவி உடைந்தது. பிடித்திருந்தேனா இல்லையா என்று விரல்களுக்கே தெரியவில்லை. மோதிர விரல் வேறு மடங்கி மாட்டிக்கொள்கிறது. இழுத்தால்தான் ‘டக்’கென்று நிமிரும். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பரோயே தீவின் தொழிற்சாலையில் சால்மன் மீன் அறுக்கும் கை. மூன்று முறை சோப்புப் போட்டும் கொழுப்பு வாடை போகவில்லை. சீ!

மார்ச் 11
இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நெரிபடுகிறதாம். விரலில் தசைநாண் சிக்குகிறதாம். "ரெண்டும் ஒருத்தருக்கே வர்றது அதிசயமில்ல, மர்யூன். ரெண்டுக்கும் பொதுவா சில மரபணு இருக்கு" என்றார் டாக்டர். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார். கொடுத்தேன்.

இது வேலையால் வந்த நோய் என்று தொழிலாளர் வாரியத்தில் மனுப் போட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டால் கத்தியில்லாத வேலை. இல்லையென்றால் வீட்டுக்கு.

ஏப்ரல் 2
அந்த மரபணு எனக்கு இருக்கிறது. தங்கை சுன்வாவிடம் மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 9
மேலாளர் ஹானுஸ் கூப்பிட்டான். மேசையில் கேக். "உங்க ரத்தத்துலயே இருக்காமே. அதுக்கு நாங்க என்ன பண்றது, சொல்லுங்க?" சிரித்தபடி விரலில் ஒட்டிய கிரீமை நக்கினான்.

யார் சொன்னது? அவன் அறைக்கு வெளியே உட்கார்ந்து தட்டச்சு செய்பவள் சுன்வா.

ஏப்ரல் 10
"வேணும்னு சொல்லலக்கா. பேச்சுவாக்குல வந்துடுச்சு."

பேச்சுவாக்கா! அவள் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான் கிளம்பியதும் கதவைத் திறந்துவிட வந்தாள். அவள் கட்டைவிரல் மடங்கியபடி நின்றுவிட்டது. டக்.

"உனக்குமாடி?"

"ஒரு வருஷமா. மேலாளரு பார்த்துட்டு என்னன்னு கேட்டாரு. பயத்துல குடும்பத்துலயே இருக்கு, உன் ரத்தத்துல கண்டுபிடிச்சாங்கன்னு உளறிட்டேன்."

கத்தியே பிடிக்காத கை. அப்படியானால் ஹானுஸ் சொல்வது சரியா?

ஏப்ரல் 12
என் மனு மீதான விசாரணை முடியும்வரை கையை மறைத்துக்கொள் என்று சுன்வாவிடம் சொல்லலாமா? தூ! எழுதவே கூசுகிறது. ஹானுஸுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஏப்ரல் 15
இடைவேளையில், அறுக்கும் வரிசையிலிருந்த பதினாலு பேரையும் கையுறையைக் கழற்றச் சொன்னேன். ஒன்பது பேருக்கு மரத்துப்போகிறது, அல்லது விரல் மாட்டுகிறது. வீங்கி, வெளுத்து, ஈரத்தில் ஊறிய கைகள். யாரும் வெளியே சொல்லவில்லை. வேலை போய்விடுமே.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கார்மெலா சிரித்தாள். "எனக்கும் பரோயே ரத்தம்தானா, மர்யூன்?"

ஏப்ரல் 23
விசாரணை. என் ரத்தத்தைப் பற்றி ஹானுஸ் ஊருக்கே உரக்கப் படித்தான். துணியை உருவிய மாதிரி இருந்தது.

"ஆமா, இருக்கு" என்றேன். "என் தங்கச்சிக்கும் இருக்கும்போல. டைப் அடிக்கிற அவளுக்கு ஒரு விரல். கத்தி பிடிச்ச எனக்கு ரெண்டு கையும். என் வரிசையில இன்னும் ஒன்பது பேருக்கு இருக்கு. அவங்க என்ன, என் கூடப் பிறந்தவங்களா?"

ஹானுஸ் தாள்களைப் புரட்டினான். பின்வரிசையில் சுன்வா எழுந்து நின்றாள். நான் அழைக்கவில்லை. அவனுக்கு எதிரிலேயே கையை நீட்டி, "நான்தான் இவர்கிட்ட சொன்னேன். அக்காவைக் கேக்காம சொன்னேன்" என்றாள்.

மே 6
தீர்ப்பு: ‘பிறப்பிலேயே இருந்தது, வேலை அதைக் கூட்டியது.’ பாதி வெற்றி. எனக்குப் பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை. ஒன்பது பேரையும் டாக்டர் பார்க்க வேண்டுமாம். ஹானுஸ் கை குலுக்க வந்தான். கொடுக்கவில்லை.

மே 19
நேற்று வலக்கையில் அறுவை. இடக்கையால் கிறுக்குகிறேன். சுன்வா கேட்காமலே வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தலையை நகர்த்திக்கொள்ளவும் இல்லை.