செத்தவர்களிடம் வாங்கிய பெயர்கள்

மார்ச் 4, செவ்வாய்

பதிப்பகத்திலிருந்து என் நாவலின் பிரதி திரும்பி வந்தது. உறையைப் பிரித்ததும் கண்ணில் பட்டது பென்சில். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் பெண்களின் பெயர்களை எல்லாம் அடித்து வைத்திருக்கிறான் அந்த எடிட்டர் தம்பி.

யெட்டுண்டே என்பவள் மேரி ஆகிவிட்டாள். ஷியூலான் என்பவள் லீ. ஹில்டகார்ட் என்பவள் ஜூலி. ஓரத்தில் ஒரு குறிப்பு: “வாசகர் வாயில் நுழையாது.”

எந்த வாயில்? மூட்டுவலி மாத்திரையின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற வாயிலா? ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மூன்று இனத்துப் பெண்கள் சேர்ந்து விரிப்பு மடிக்கிறார்கள் என்பதுதான் கதையே. எல்லோருக்கும் ஒரே பவுடரைப் பூசிவிட்டால் அப்புறம் என்ன கதை?

போன் செய்தேன்.

“மேடம், கறுப்பினப் பொண்ணுன்னு முதல் வரியிலயே சொல்லிடறீங்க. அப்புறம் பேரும் எதுக்குக் கஷ்டமா இருக்கணும்?”

“லீ என்பது குடும்பப் பெயர், தம்பி. தோழியை யாராவது குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா?”

“அதெல்லாம் யாருக்கு மேடம் தெரியப் போகுது?”

யாருக்குத் தெரியப் போகுது! எனக்குத் தெரியுமே. நான் ஓர் ஆள் இல்லையா?

பதினான்காம் தேதிக்குள் சரி என்றால் மே மாதப் பட்டியலில் புத்தகம் வரும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாமாம். எழுபத்தாறு வயதுக்காரியிடம் அடுத்த வருடம் என்கிறான்.

மார்ச் 5

இரத்த அழுத்தம் 158. டாக்டர் காரணம் கேட்டால் பென்சில் என்று சொல்வேன்.

மார்ச் 6, வியாழன்

மகள் பேசினாள். “மூணு பேரை மாத்தினா குடியா முழுகிடும்? முதல்ல புக்கு வரட்டும்மா. உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா?”

முழுகும்தான். நான் முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லி ஓர் அழைப்பைக்கூட இணைத்ததில்லை. அதற்கு முன் கான்வென்டில், உறையின் மேல் ஒருவர் பெயரைப் பிழையாக எழுதியதற்காக முழங்காலில் நின்றிருக்கிறேன். அன்று அழுதேன். இன்று அந்த சிஸ்டர் செய்தது சரி என்பேன்.

இந்தப் பெயர்களை நான் கம்ப்யூட்டரில் தட்டி எடுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக வெளிநாட்டுப் பத்திரிகைகளின் மரண அறிவிப்புகளை வெட்டி, தேசவாரியாகச் செருப்புப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். அங்கேதான் பெயர் முழுமையாக, பிழையில்லாமல் இருக்கும். பெற்றவர்கள் பெயரும் கூடவே கிடைக்கும். “செத்தவங்களை எல்லாம் சேர்த்து வெக்கிறியே, ஓட்டுப் போட வெக்கப் போறியா?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருடைய அறிவிப்பு வந்த பக்கத்தை மட்டும் நான் வெட்டவில்லை.

மார்ச் 8, சனி

இன்று எனக்கு நடந்த அவமானத்தை உள்ளபடியே எழுதுகிறேன்.

கீழே டெய்லரம்மா கடைக்குப் போனேன். யெட்டுண்டேயின் இனத்தில் பிறந்தவள் அவள். இந்தத் தெருவில் இருபது வருடமாகத் தைக்கிறாள். நம் ஆட்களிடம் அளவெடுத்தே நம் பேச்சையும் எடுத்துவிட்டாள். எடிட்டருக்கு நான் எழுதப்போகும் கடிதத்துக்கு அவள் சாட்சி வேண்டும் என்பது என் எண்ணம். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். என் நாவலிலேயே சிறந்த இடம் அது. இருபத்திரண்டு வயது யெட்டுண்டேயைப் பார்க்க அவள் பாட்டி சலவைக்கூடத்துக்கு வந்து, மேற்பார்வையாளனை வாசலில் நிற்க வைத்துத் திட்டுகிற கட்டம்.

டெய்லரம்மா சிரித்தாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசியெல்லாம் கொட்டும்படி சிரித்தாள்.

“அம்மா, இந்தப் பாட்டி பேயா?”

“ஏன்?”

“யெட்டுண்டேன்னா எங்க பேச்சுல ‘அம்மா திரும்பி வந்துட்டாங்க’ன்னு அர்த்தம். பாட்டி செத்த பிறகு பொறக்கிற பொண்ணுக்குத்தான் வெப்பாங்க. உங்க பாட்டி கல்லு மாதிரி நிக்கறாங்க, அப்புறம் யாரு திரும்பி வந்தது?”

ரவிக்கை கொடுக்க வந்திருந்த இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் பிரதியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கதையைக் கதையாகக் கேட்கத் தெரியாதா? என் பாட்டியைச் சாகடிக்க இவள் யார்?

மார்ச் 10, திங்கள்

பல் டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண் மேஜை மேலிருந்த என் பிரதியை எட்டிப் பார்த்தாள்.

“ஷியூலானா? எங்க பெரிய அத்தை பேரு, ஆன்ட்டி. அவங்களுக்கு எண்பத்திரண்டு.”

“இந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று.”

“ஐயோ பாவம்! ஸ்கூல்ல எல்லாரும் ஓட்டியிருப்பாங்களே.”

வீட்டுக்கு வந்து செருப்புப் பெட்டியைக் கட்டில் மேல் கவிழ்த்தேன். வயது 84. வயது 91. வயது 79. ஹில்டகார்டுக்கு 96. மரண அறிவிப்பில் வேறு யார் வருவார்கள்? கிழவிகள்தான் வருவார்கள்! பத்தொன்பது வருடம் பெயரின் எழுத்தைச் சரிபார்த்தேனே தவிர, பக்கத்திலிருந்த எண்ணை ஒரு நாளாவது பார்த்தேனா? சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் மூன்று இளம் பெண்களுக்கும் கொள்ளுப்பாட்டிகளின் பெயர். ஒரு முட்டாள்கூடச் செய்யமாட்டாள். கவனமாக வேலை செய்கிறவள்தான் செய்வாள். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

யாரிடமும் கேட்டு எழுதிப் பழக்கமில்லை எனக்கு. படியில் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறினேன். மூன்றாம் முறை டெய்லரம்மா கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். “வாங்கம்மா, முட்டி தேஞ்சிடப் போகுது.”

அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல பெயர் சொல் என்றேன். மெஷினை நிறுத்தினாள்.

“அவ பொறந்தப்ப வீட்ல என்ன நடந்துச்சு?”

“எதற்கு?”

“அத வெச்சுத்தானே பேரு. காத்துக் கிடந்து பெத்தாங்களா? முன்னாடி ஒண்ணு போச்சா? அப்பா வேலையில இருந்தாரா? மழையா, சண்டையா?”

“அவள் சின்னப் பாத்திரம். விரிப்பு மடிப்பாள், சிரிப்பாள். அவ்வளவுதான்.”

“பேரு வெக்கிறது நீங்க இல்லம்மா, அவளைப் பெத்தவங்க. அவங்களையே நீங்க பார்க்கலேன்னா நான் என்ன சொல்ல?”

சொல்லிவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினாள். என்ன திமிர்! நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் தாய் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எடிட்டர் அவளுக்கு மேரி என்று பூசினான். நான் யெட்டுண்டே என்று பூசினேன். வேறென்ன செய்தேன்?

மார்ச் 14, வெள்ளி

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எடிட்டர் பேசிவிட்டான்.

“மேடம், நீங்கதான் ஜெயிச்சீங்க. நீங்க வெச்ச பேருங்களே இருக்கட்டும். பதிப்பாளர்கிட்ட சொல்லிட்டேன். மே மாசம் புக்கு வந்துடும்.”

சரி என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவனுக்குத் தெரியாது. வாசகருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் நாவல் படிக்கிறவர்கள் இல்லை. ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“வேண்டாம் தம்பி. அந்தப் பெயர்கள் தப்பு.”

“மேடம்?”

“உன் பெயர்களும் தப்பு, என் பெயர்களும் தப்பு. எனக்கு நேரம் வேண்டும்.”

“பத்து நாள் உங்ககூட சண்டை போட்டேனே மேடம்!”

“போட்டது சரியான சண்டைதான். ஆனால் நான் நின்ற இடம் சரியில்லை.”

மே மாதப் பட்டியல் போயிற்று. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் சமையலறைத் தரையைத் தேய்த்தேன்.

மார்ச் 17

சொன்னேன். “உனக்குப் பைத்தியம்மா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டு, “ஹில்டகார்டுக்கு என்ன பேரு வெக்கப் போறே?” என்று கேட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டெய்லரம்மாவுக்கு இன்று அரை நாள் கடை. கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் மேலே வந்தாள். மூன்று மணிக்கு ஆரம்பித்த சண்டை ஆறு வரை நீண்டது. அந்தப் பெண்ணின் தகப்பன் லாரி ஓட்டுநர் என்கிறேன் நான். “லாரிக்காரன் பிரசவத்துக்கு வீட்ல இருப்பானா? புள்ளையக் கையில வாங்கி அவன் அழணுமே” என்கிறாள் அவள். கடைசியில் அவனைப் பள்ளிக்கூடத்துக் காவலாளி ஆக்கினேன். நல்லவேளை, அவன் அழுகிறான்.

தாய்க்கு மட்டும் முப்பது பக்கம் ஆகிவிட்டது. கதையில் குழந்தை பிறந்து ஏழு நாள். எட்டாம் நாள் பெயர் வைக்க வேண்டும். இன்னும் முடிவாகவில்லை. பாட்டி உயிரோடு இருப்பதால் அவளும் தன் பங்குக்கு ஒரு பெயர் சொல்வாளாம்; அதை யாரும் தடுக்க முடியாதாம்.

நாளைக் காலை பாட்டியை அந்த அறைக்குள் அனுப்புகிறேன். குனிந்து குழந்தையை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று பார்க்க வேண்டும்.