ஒரு காலுக்கு எழுநூற்று எண்பது கிராம்

ஜனவரி 9, வெள்ளி

விடிகாலை சுபுஹ் தொழுதுவிட்டு முதல் வேலையாக, டைவிங்குக்குக் காலில் மாட்டும் ஃபின்னை எடை பார்த்தேன். மாவு நிறுக்கும் தராசில். நேராக வைத்தால் சரிந்தது. பெரிய பாத்திரத்துக்குள் செருகி நிறுத்தி, பிறகு பாத்திரத்தின் எடையைக் கழித்தேன். ஒன்றுக்கு ஆயிரத்து நானூற்று அறுபது கிராம். ஜோடி மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆறு வருடமாக நான் கடலுக்குள் காலில் மாட்டிக்கொண்டு போவது ஒன்றரை வயதுப் பூனையை. காலுக்கு அரைப் பூனை என்றும் சொல்லலாம். நல்ல பூனை, ஆனால் கனம்.

இது என் முன்னாள் கணவன் ரிலுவானுடைய ஃபின். அவனும் நானும் இரண்டாவது முறையும் கல்யாணம் செய்து பிரிந்தபோது அவன் எடுத்துப்போக மறந்த சாமான்களில் ஒன்று. கறுப்பு ரப்பர், எந்த நீரோட்டத்தையும் கிழிக்கும் என்பான். ஒரு அளவு பெரிது. ஓசியில் வந்தது, தடித்த காலுறை போட்டுச் சமாளித்தேன்.

சென்ற வெள்ளி சமாளிக்க முடியவில்லை. அதை இங்கே எழுதாமல் ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பாயும் கடல்வாயில், டைவிங்குக்கு வந்த விருந்தினர் மூன்று பேரை நான் வழிநடத்திப் போக வேண்டும். வழிகாட்டி வேலைக்கான தேர்வு அது, ஷமீல் பின்னால் வந்து மதிப்பெண் போடுவான். கீழே பாறை விளிம்பைப் பிடிக்கப் பத்து மீட்டர் இருக்கும்போது வலது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. நான் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். நீரோட்டம் எங்கள் ஐந்து பேரையும் வாரி விளிம்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்விட்டது. பார்க்கப் போன சுறாக்கள் அங்கே, நாங்கள் இங்கே. மேலே வந்ததும் விருந்தினர்கள் மணல் அழகாக இருந்தது என்றார்கள். மணல்.

ஷமீல் பத்தாம் வகுப்பில் என் மாணவன். இப்போது இந்தத் தீவின் டைவிங் கடை அவனுடையது. தோணியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், அறிவியல்ல நீங்க எனக்கு முப்பத்தினாலு போட்டீங்க. இன்னைக்கு நான் உங்களுக்கு முப்பத்தஞ்சு போடறேன். ஆனா பாஸ் மார்க் நாப்பது" என்றான்.

இன்னும் ஒரு வாய்ப்பு, முப்பதாம் தேதி. அதற்குள் சரிப்படாவிட்டால் தலைநகர் மாலேயிலிருந்து வேறு வழிகாட்டியைக் கூப்பிட்டுவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. சீசன் காத்திருக்காது.

ஜனவரி 11, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து இன்று பள்ளி. கெண்டைக்கால் இன்னும் வலி. பள்ளி மாடிப்படியில் நான் ஒவ்வொரு படியாக இறங்க, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

ஃபின்னைத் தவிர வேறு நினைப்பு இல்லை. நாற்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்குமா? பிடித்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீந்தும் உயிரினங்கள் பாடம். டால்பின் வாலைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, அதன் வளைவைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டேன். பாடத்தில் அது ஒரே வரி.

தீவில் ஆளுக்கு ஒரு கருத்து. ரிலுவான் சொல்வது, ரப்பர் கனமாக இருந்தால்தான் கால் கீழே நிற்குமாம், இல்லாவிட்டால் வாத்து மாதிரி மிதப்பேனாம். ஷமீலுக்கு விறைப்புதான் வலு, வளைகிறது எல்லாம் விளையாட்டுச் சாமான். மருந்துக்கடை அம்மாவுக்கு டைவிங்கே தெரியாது. என் காலைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்ததா வாங்கு" என்றார். அது எந்த அளவில் கிடைக்கும் என்று கேட்கவில்லை.

நானாக யோசித்தது: நீளமான தகடு ஒரு உதைக்கு நிறையத் தள்ளும், ஆனால் அந்த உதைக்கு என் தொடை சம்மதிக்காது. நடுவில் பிளந்த வகை காலுக்குச் சுகம், நீரோட்டத்தில் துடைப்பம். குதிகாலை மூடிய வகை மிக லேசு, ஆனால் மணலில் செருப்பில்லாமல் வளர்ந்த என் பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்தது. அதற்குள் நுழைவதே இல்லை. அப்படியானால் குட்டையாக, அகலமாக, குதிகால் திறந்து, பின்னால் ஸ்பிரிங் வார் வைத்தது. லேசாக. ஆனால் வலுவாக.

இரண்டும் சேர்ந்து வருமா?

ஜனவரி 16, வெள்ளி

பிடிபட்டுவிட்டேன்.

மதியம் ஷமீல் கடையின் பின்புறம், கழுவும் தொட்டிப் பக்கம், விருந்தினர்களின் ஃபின்கள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. யாரும் இல்லை. ஒன்றை எடுத்துக் காலில் மாட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. மஞ்சளில் ஒரு காலும் நீலத்தில் ஒரு காலுமாக நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "என்னோடது அந்தச் சாம்பல் நிறம்" என்று பின்னாலிருந்து குரல்.

உர்சுலா. ஸ்விட்சர்லாந்துக்காரர், அறுபத்து மூன்று வயது. அன்று தோணியில் மணல் அழகு என்று சொன்னதே அவர்தான். எனக்குக் காது வரை சூடேறியது. வகுப்பில் காப்பியடித்துப் பிடிபடும் பிள்ளைகள் எப்படித் தரையைப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தேன். தரையில் என் மஞ்சள் காலும் நீலக் காலும் தெரிந்தன.

அவர் சிரிக்கவில்லை. சாம்பல் ஜோடியை எடுத்து நீட்டி, தரையில் நின்று ஃபின்னைப் பார்ப்பது கடையில் நின்று மெத்தையை அமுக்கிப் பார்ப்பது மாதிரி, போய் நீந்திவிட்டு வா என்றார்.

நீந்தினேன். கரையோரப் பாறையைச் சுற்றி ஒரு வட்டம். குட்டையான தகடு, நடுவில் மட்டும் விறைப்பு, ஓரம் மென்மை. முதல் உதையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. காலில் எதுவும் இல்லை. ஏமாற்றமாகத் திரும்பிப் பார்த்தால் பாறை அவ்வளவு தூரத்தில். நான் எப்போது இங்கே வந்தேன்? தவளை மாதிரி மடக்கி, அகட்டி, சேர்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீருக்குள் ஸ்நார்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. சிரித்தேன். அரை லிட்டர் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

கரையில் உர்சுலா, "ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனப்புறம் நான் தேடிக் கண்டுபிடிச்சது இது. பலசாலிகளைக் கேட்காதே. வலி தெரிஞ்சவங்களைக் கேளு" என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

மகள் யுஷ்ரா மாலேயில் கல்லூரி முடிந்து நேராக டைவிங் சாமான் கடைக்குப் போனாள். அவள் காலும் என் காலும் ஒரே அச்சு, அதனால் அவளே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். வீடியோவில் அழைத்தாள். அதே மாடல் இருந்தது. சிறிய அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று காலை ஆட்டிக் காட்டினாள். வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வெறுங்கால்.

"காலுறை போட்டுப் பாத்தியா?"

"எந்தக் காலுறை?"

"தடியா இருக்குமே, டைவிங்குக்குப் போடறது. அதைப் போட்டுத்தான்டி இதுக்குள்ள காலை விடணும்."

"முன்னாடியே சொல்ல மாட்டியாம்மா. அந்த அண்ணன் பேக் பண்ணவே ஆரம்பிச்சிட்டாரு."

கடைக்காரர் பொறுமைசாலி. காட்சிக்கு வைத்திருந்த காலுறையை எடுத்துக் கொடுத்தார். சிறிய அளவுக்குள் பாதிதான் நுழைந்தது. நடு அளவு சரி. தகட்டை வளைத்துக் காட்டச் சொன்னேன். வாரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டதும் மகள் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி இருக்கும்மா. நடந்து காட்டச் சொல்லட்டுமா?"

எனக்கு இரண்டு முறை மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்டதில்லை. அதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

ஜனவரி 22, வியாழன்

சரக்குத் தோணியில் வந்தது. எழுநூற்று எண்பது கிராம். மூன்று முறை நிறுத்தேன். அட்டைப் பெட்டியைக்கூடத் தூக்கிப்போட மனமில்லை.

ஜனவரி 23, வெள்ளி

தலைகீழ்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பும் வருகிறது, மாற்றி மாற்றி. புது ஃபின்னுடன் வீட்டுப் பக்கத்துப் பாறையில் ஷமீலோடு இறங்கினேன். தோணியிலேயே ரிலுவான் ஆரம்பித்துவிட்டான். ஷமீலின் டைவிங் தோணிக்கு அவன்தான் கேப்டன், தப்ப முடியாது. "நியூமா, அது ஃபின்னா, ரொட்டி திருப்புற கரண்டியா?"

கீழே எல்லாம் அற்புதம். நாற்பது நிமிடம் என் காலுக்கு இருபது வயது. பிறகு மேலே வரும் வழியில், பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டிய இடம். அங்கேதான் என் கால்கள் மெதுவாக, மிக மரியாதையாக, மேலே கிளம்பின. நான் அழுத்தினேன். கிளம்பின. சிலிண்டரில் காற்று குறைந்து அதுவும் லேசாகியிருந்தது. கடைசியில் தலை கீழே, ஃபின்கள் வானத்தைப் பார்த்து, தண்ணீருக்குள் ஒரு டீச்சர் சிரசாசனம். ஷமீலும் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி, எழுதும் பலகையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "டீச்சர், வானம் அந்தப் பக்கம்."

மேலே வந்ததும் ரிலுவான் வாத்து மாதிரி குவாக் என்றான், ஒரே ஒரு முறை.

ஆனால் ஷமீல் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இரவெல்லாம் குடையும். "விருந்தாளிங்க முன்னாடி இப்படி ஆனா நான் பாஸ் போட முடியாது டீச்சர். பழசையே மாட்டிட்டு வாங்க. கனமா இருந்தாலும் பழகினது."

பழகினது. அந்த வார்த்தையை இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். அதே கரும்பலகை, பழகினது. வெள்ளிக்கிழமைக்காக ஆறு நாள் காத்திருப்பது, பழகினது. முப்பதாம் தேதி தோற்றால் இன்னொரு சீசன் வரும்போது எனக்கு எத்தனை வயது? கேட்டுக்கொள்ளாதே, தூங்கு.

ஜனவரி 24, சனி

தூங்கவில்லை. ஆனால் பிடித்துவிட்டேன்.

காலையில் மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. சிலிண்டரின் கழுத்துப் பக்கம் பட்டையில் நான் இரண்டு ஈயக் கட்டிகள் கட்டுவேன், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஏன் அங்கே? ரிலுவானின் ஃபின் காலைக் கீழே இழுக்கும், அதைச் சரிக்கட்டத் தலைப்பக்கம் எடை. ஆறு வருடம் முன்பு கட்டியது. கட்டியதே மறந்துபோய், என் உடம்பே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இப்போது கனமான ஃபின் போய்விட்டது. அதற்கு எதிராகக் கட்டிய கனம் மட்டும் தோளிலேயே இருக்கிறது. தலை கீழே போகாமல் வேறு எங்கே போகும்?

தராசில் சமநிலை என்று ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறவள் நான்.

பிசைந்த கையோடு கடைக்கு ஓடினேன். ஷமீல் தலையைச் சொறிந்தான். ஃபின்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவன், பட்டையைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணவே இல்ல டீச்சர்" என்றான். முப்பத்தினாலு சும்மாவா போட்டேன் என்றேன்.

சாயங்காலம் இறங்கினோம். ஒரு கட்டியைக் கழற்றிவிட்டோம், இன்னொன்று இடுப்புக்கு வந்தது. ஐந்து மீட்டரில் படுக்கையில் படுத்த மாதிரி கிடந்தேன். மூன்று நிமிடம் போதாது என்று ஐந்து நிமிடம் கிடந்தேன்.

ஜனவரி 27

கெண்டைக்கால் வலி எப்போது போனது? கவனிக்கவே இல்லை.

ஜனவரி 29, வியாழன்

நாளை. நிலவு நிறைந்துகொண்டு வருகிறது, நீரோட்டம் பலமாக இருக்கும். ரிலுவான் வாசலில் நின்று, இன்னும் நேரம் இருக்கிறது, ரப்பரையே மாட்டு என்றான். கிண்டல் இல்லை, முகத்தில் கவலை. "அங்க வெச்சு உன்னால முடியலன்னா நான் மேல இருந்து ஒண்ணும் பண்ண முடியாது நியூ." நியூ என்று அவன் கூப்பிட்டு எத்தனை வருடம். முடியும் என்றேன். இறக்கிவிடும் இடத்தை மட்டும் நீ சரியாகப் பார்த்துக்கொள் என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

கை இன்னும் உப்பு மணக்கிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

ரிலுவான் தோணியை இரண்டு முறை வட்டமடித்தான். தண்ணீரின் சுருக்கங்களைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வடக்கே போய், இப்போது என்றான். குதித்தோம். உர்சுலா, ஒரு பிரெஞ்சுத் தம்பதி, நான். பின்னால் ஷமீல். தண்ணீர் கண்ணாடி. அடியில் ஆற்று வெள்ளம்.

பாறையை ஒட்டித் தாழ்ந்தேன், தரைக்குப் பக்கத்தில் ஓட்டம் குறைவு. மடக்கி, அகட்டி, சேர்த்து. நிதானமாக. விளிம்பு வந்தது. நீரோட்டம் இழுக்காமலிருக்க உர்சுலா தன் கயிற்றுக் கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டார். பிரெஞ்சு மனைவியும் மாட்டினார். திரும்பிப் பார்த்தால் கணவர் இல்லை. நடுக் கடல்வாய்ப் பக்கம் கேமராவைப் பிடித்தபடி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். போவது அவருக்கே தெரியவில்லை.

ஷமீல் அசைவதைக் கண்டேன். நான் கையைக் காட்டினேன், நில் என்று. என் மாணவன் நின்றான்.

குறுக்கே போனேன். ஒரு நொடி வலது கெண்டைக்கால் ஞாபகம் வந்தது, பழைய பயம். கால் என்ன செய்தது தெரியுமா, ஒன்றும் செய்யவில்லை. தன் வேலையைச் செய்தது. அவருடைய சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தேன், தரையை ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். எத்தனை உதை? எண்ணினேன், முப்பத்தொன்று. விளிம்பில் அவர் கொக்கியை நானே மாட்டினேன். நிமிர்ந்தால் சுறாக்கள், சாம்பல் நிறத்தில், பதினைந்தோ இருபதோ, எதிர்நீரில் உழைக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தன. நானும் அவற்றோடு சும்மா நின்றேன்.

தோணியில் ஷமீல் பலகையில் எண்பத்தொன்று என்று எழுதிக் காட்டினான். ஏன் நூறு இல்லை என்று கேட்டேன். "திருத்தறது உங்ககிட்ட படிச்சது டீச்சர்" என்றான்.

ரிலுவான் கறுப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ரப்பர் ஃபின்னை இனி தன்னிடமே கொடுத்துவிடலாமே என்றான். வாத்துக் குரல் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் தோணி கொஞ்சம் கோணலாகத் திரும்பியது.

பிப்ரவரி 1, ஞாயிறு

பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் கை தட்டினார்கள். யுஷ்ரா தொலைபேசியில், "வெள்ளிக்கிழமை வழிகாட்டி, மத்த நாள் டீச்சர், நல்ல பொழைப்புதான்மா" என்றாள். ஷமீலும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைகளை மட்டும் என் பெயரில் குறித்திருக்கிறான். தலைமையாசிரியர் அடுத்த பருவத்துக்குப் பத்தாம் வகுப்பையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஃபின்னை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்தேன். பாதம் நுழையும் இடம் நசுங்காமல் இருக்க உள்ளே காகிதம் அடைப்பது வழக்கம். இடது காலில் பழைய செய்தித்தாள். வலது காலில் கடிதம், நான்காக மடித்து. தலைமையாசிரியருக்கு, வேலையிலிருந்து விலகுவதாக ஒரே பத்தி, இந்தப் பருவத்தின் கடைசி நாள் தேதியிட்டது.

கொடுக்கும் நாள் வரும் வரை அங்கேயே இருக்கட்டும். இந்த வீட்டில் அதை என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.