நாலில் ஒருத்தர் குறைந்தால்

சண்டர்லேண்ட்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் மோரீனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, என் கோபம்தான் இன்னும் விடவில்லை.

போர்க்காலத்தில் கப்பல் கட்டியவர்களுக்கு விருந்து என்று எங்கள் பழைய கப்பல் பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. எனக்கு வந்தது, நெட்டுக்கும் கத்பர்ட்டுக்கும் வந்தது, உன் அம்மாவுக்கு வரவில்லை. கப்பலின் இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் எங்கள் ரிவெட் கூட்டத்தில் நாலு பேர் என்று உனக்குத்தான் தெரியுமே. அம்மா உலையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எறிவாள், கத்பர்ட் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவான், நெட் பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பான், நான் முன்னாலிருந்து அடிப்பேன். குண்டு போட விமானம் வந்தபோதுகூட வெளிச்சம் மேலே தெரியக்கூடாதென்று உலையை அணைத்துவிட்டுத்தான் பதுங்குகுழிக்கு இறங்கினாள். அவள் கைத்தழும்பு என்ன, சமையலில் வந்ததா? போர் முடிந்த கையோடு, சண்டைக்குப் போன ஆண்கள் திரும்பிவிட்டார்கள், நீ வீட்டுக்குப் போ என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அதையும் பொறுத்தோம். இப்போது ஒரு தட்டுச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாதவளா அவள்?

போய்விட்டு வாருங்கள் என்று அவளே என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், அதில் எனக்கு இன்னும் எரிச்சல். வாசலில் நின்ற மேலாளரிடம் கேட்டேன். "அவங்க சும்மா ஒத்தாசைக்கு வந்தவங்கதானே வில்ஃப், இது தொழிலாளிங்க விருந்து" என்றார். நாலில் ஒருத்தர் வராவிட்டால் மற்ற மூவரும் வேலையைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், கூலியும் கிடையாது, இது இதே பட்டறை போட்ட சட்டம். அப்போது மட்டும் அவள் தொழிலாளியாக இருந்தாளா? உள்ளே போனேன். நெட்டும் கத்பர்ட்டும் கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். "நம்ம கூட்டத்துல ஒரு ஆள் கொறையுது" என்றேன், அவ்வளவுதான். நெட் கத்தியைக் கீழே வைத்தான். கத்பர்ட் ஒரு ரொட்டித் துண்டை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தான், அவன் குணம் அப்படி.

மூன்று பேரும் வெறும் வயிற்றோடு வந்து நின்றதும் அம்மா எங்களை ஒரு மூச்சுத் திட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் கரியைத் தள்ளினாள். உருளைக்கிழங்கு வெந்ததும் இடுக்கியால் எடுத்து, "இந்தா கத்பர்ட், பிடி" என்று அறையின் இந்தக் கோடியிலிருந்து எறிந்தாள். நேராக அவன் வாளிபோல் நீட்டிய தொப்பிக்குள் போய் விழுந்தது.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள். வெயிலில் குழந்தையைத் தொப்பியில்லாமல் விடாதே. பாட்டி என்ன வேலை செய்தாள் என்று அவள் கேட்கும் நாளில், கப்பல் கட்டினாள் என்று சொல். ஒத்தாசைக்குப் போனாள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
வில்ஃப்